பிள்ளையளோட மத்தியதரைக் கடலுக்கு: சுத்தமான, காவலர் நிக்கிற கடற்கரை எது?

வடமராட்சியான் | ஜூன் 2, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில பள்ளிக்கூடம் விட்ட கையோட ஒரு கிழமை தெற்குப் பக்கம் கடலுக்குப் போவம் எண்டு வீட்டில தீர்மானமாயிட்டுது. நாங்கள் ஆறு பேர். நான், மனிசி, பிள்ளையள் ரெண்டு (9 வயசு, 5 வயசு), அம்மா (71, முழங்கால் வருத்தம்), ஊரில இருந்து விசாவில வந்து நிக்கிற தங்கச்சி. பாரிசுக்குக் கிட்ட இருக்கிறம். கார் இல்லை, ரயில்தான்.

மனிசி நீஸ் படங்களைப் பாத்திட்டு நீஸ்தான் எண்டு நிக்கிறா. எனக்கு வேண்டியது நாலு விஷயம்: தண்ணி சுத்தமா இருக்க வேணும், குளிக்கிற ஆக்களைக் காப்பாத்திற காவலர் நிக்க வேணும், சின்னவன் நிக்கிற அளவு ஆழம் இருக்க வேணும், அம்மா கனதூரம் நடக்காமல் போய் இருக்க வேணும். அம்மா மணற்காட்டுப் பக்கம் பிறந்தவ. 2004 மார்கழிக்குப் பிறகு கடலில கால் வைக்கேல்லை. அவவை தண்ணியில இறக்கிறது என்ர நோக்கமில்லை, பக்கத்தில இருந்தால் போதும்.

போன ஆக்கள் சொல்லுங்கோ.

மொன்பெலியே அக்கா | ஜூன் 2, இரவு 10:25

தம்பி, நீஸ் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் படத்தில தெரியாத ஒண்டு இருக்கு. அங்க மணல் இல்லை, முழுக்க உருண்டைக் கல்லு. வெறுங்காலோட நடக்கிறது நேர்த்திக்கடன் மாதிரி. அதைவிட, தண்ணிக்க ரெண்டு மூண்டு அடி வைச்சால் காலுக்குக் கீழ தரை இல்லை. 5 வயசுப் பிள்ளையை அங்க கொண்டுபோனால் நாள் முழுக்க நீங்கள் அவன்ர கையைப் பிடிச்சபடிதான். அம்மாவின்ர முழங்காலுக்கும் கல்லு சரிவராது.

பொதுவா ஒரு கணக்கு வைச்சிருங்கோ. ரோன் ஆறு கடலில விழுற இடத்துக்கு மேற்கால, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட ஆர்ஜெலெஸ் வரைக்கும் பெரும்பாலும் மணல், தட்டை, ஆழம் மெதுவா இறங்கும். கிழக்கால கோத் தசூர் பக்கம் பாறையும் கல்லும் கூட. அங்கயும் கான், ஜுவான்-லெ-பான் மாதிரி மணல் இடங்கள் இருக்கு.

நான் இந்தப் பக்கம் 14 வருசம். கார் இல்லாத குடும்பத்துக்கு லா கிராந்து-மொத், கார்னோன், பலவாஸ் மூண்டையும்தான் சொல்லுவன். காரைநகர் கசூரினாக் கடற்கரையில குளிச்சிருக்கிறீங்களோ? நடந்து நடந்து போனாலும் இடுப்பளவுதானே. அவ்வளவு இல்லாட்டியும் அந்தச் சாயல் இருக்கும்.

லாசப்பல் லோலன் | ஜூன் 2, இரவு 10:31

நேர்த்திக்கடன் எண்டது உண்மை. நான் நீஸில செருப்பில்லாமல் இறங்கி, காவடி எடுத்த மாதிரி ஆடி ஆடித்தான் கரைக்கு வந்தனான். மனிசி வீடியோ எடுத்து குடும்ப குரூப்பில போட்டவ.

சந்தேகசாமி | ஜூன் 3, காலை 7:12

எல்லாரும் "சுத்தம் சுத்தம்" எண்டுறீங்கள். தண்ணி நீலமா இருந்தால் சுத்தமோ? நீலக்கொடி எண்டு ஒண்டு பறக்குது, அது நகரசபை காசு கட்டி வாங்கிற விளம்பரம் எண்டு ஒருத்தர் சொன்னார். ஆராவது விளக்குவீங்களோ?

துலூஸ் தம்பி | ஜூன் 3, மதியம் 12:50

சாமி அண்ணா, பாதி சரி, பாதி தப்பு.

நீலக்கொடி, அதாவது பவியோன் ப்ளூ, 1985ல பிரான்ஸ்லதான் ஆரம்பிச்சது. 1987ல ஐரோப்பா முழுக்கப் போச்சு, இப்போ உலகம் பூரா இருக்கு. நம்ம சென்னை பக்கம் கோவளத்துக்கும் 2021ல கிடைச்சது. ஊராட்சியே விண்ணப்பிச்சு வாங்குறதுதான், அதனால கொடி இல்லாத கடற்கரை அழுக்குன்னு சொல்ல முடியாது, விண்ணப்பிக்காமகூட இருக்கலாம். ஆனா காசு கட்டினா மட்டும் கிடைக்காது. தண்ணி "மிகச் சிறப்பு" தரத்துல இருக்கணும். ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்கணும், போன வருஷப் பட்டியலைப் பார்த்துட்டு போகாதீங்க.

தண்ணி தரம் தனி விஷயம். அது ஐரோப்பிய ஒன்றியத்தோட 2006 நீராடல் நீர் விதிப்படி. மலக்கழிவு கலந்திருக்கான்னு காட்டுற ரெண்டு கிருமியைத்தான் எண்ணுவாங்க: ஈ.கோலை, குடல் என்டரோகொக்கை. கடல்ல "மிகச் சிறப்பு"ன்னு சொல்ல 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலை 250, என்டரோகொக்கை 100, இதுக்கு மேல போகக்கூடாது. ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறது இல்ல, நாலு சீசன் மாதிரிகளை வச்சுக் கணக்குப் போடுவாங்க. அதுக்குக் கீழ "நல்லது", "போதுமானது", "மோசம்"னு படிகள். பிரான்ஸ் சுகாதார அமைச்சகத்தோட நீராடல் தளத்துல ஊர் பேரைப் போட்டா ஒவ்வொரு கடற்கரைக்கும் முடிவு வரும். கடற்கரை வாசல் பலகையிலயும் ஒட்டியிருப்பாங்க.

ஆனா பாருங்க, அது நாலு வருஷத்து ஜாதகம். இன்னைக்கு காலைல என்ன நிலைமைன்னு அது சொல்லாது. முதல் நாள் ராத்திரி இடி மழை கொட்டியிருந்தா ஊர் வடிகால் எல்லாம் வழிஞ்சு கடலுக்குத்தான் வரும். நான் அப்படிப்பட்ட நாள்ல பிள்ளைங்களை இறக்க மாட்டேன், ஒண்ணு ரெண்டு நாள் விட்டுடுவேன்.

சந்தேகசாமி | ஜூன் 3, மதியம் 1:20

சரி, தண்ணிக் கதை விளங்குது. அப்ப நீலக்கொடி இருந்தால் காவலர் கட்டாயம் நிப்பினமோ?

அலைபிடிச்சவன் | ஜூன் 3, இரவு 8:05

இதுக்கு நான் பதில் சொல்லலாம். நான் நீம் நகரத்தில் வளர்ந்தவன், ரெண்டு கோடை ஏரோ (மொன்பெலியே இருக்கிற மாவட்டம்) பக்கத்துக் கடற்கரைகளில் காவலராக வேலை செய்தேன். பிஎன்எஸ்எஸ்ஏ என்ற காவலர் சான்றிதழ் இருக்கு. என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும், அம்மா பக்கத்தில் இருந்து திருத்துகிறார்.

நீலக்கொடியை காவலர் கொடி என்று நினைக்கவேண்டாம். நாங்கள் நிற்கிறோமா என்பதை எங்கள் நிலையத்துக் கம்பத்தில் ஏற்றிய கொடிதான் சொல்லும். 2022 முதல் கொடிகளும் மாறிவிட்டன. முன்பு முக்கோணம், இப்போது செவ்வகம். முன்பு இருந்த செம்மஞ்சளுக்குப் பதில் மஞ்சள்.

பச்சை என்றால் காவலர் இருக்கிறார், குறிப்பிட்டு ஆபத்து தெரியவில்லை. மஞ்சள் என்றால் காவலர் இருக்கிறார், ஆனால் ஆபத்து இருக்கிறது. சிவப்பு என்றால் குளிக்கத் தடை. ஊதா என்றால் தண்ணீரில் மாசு அல்லது ஆபத்தான உயிரினம். கம்பத்தில் கொடியே இல்லையென்றால் அங்கே யாரும் பார்க்கவில்லை, உங்கள் பொறுப்பு. இதைத்தான் நிறையப் பேர் "கொடி இல்லை, அப்ப பிரச்சினை இல்லை" என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மேலே பாதி சிவப்பு, கீழே பாதி மஞ்சள் உள்ள கொடிகள் ரெண்டு நட்டிருக்கும். அந்த ரெண்டுக்கும் இடையில்தான் நாங்கள் பார்க்கிறோம். 200 மீட்டர் தள்ளி கூட்டம் குறைவு என்று குடை விரித்தால், நாங்கள் ஓடி வர நேரம் எடுக்கும்.

வடமராட்சி அண்ணாவுக்கு ஒரு முக்கியமான விஷயம்: நேரம். காவல் நேரம் ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் காலை பத்து அல்லது பதினொன்றுக்குத் தொடங்கி மாலை ஆறரை, ஏழு மணிக்கு முடியும். ஜூலை, ஆகஸ்டில் தினமும். ஜூனில் சில இடங்களில் சனி, ஞாயிறு மட்டும். தமிழ்க் குடும்பங்கள் வெயிலுக்குப் பயந்து எப்போது வருகிறார்கள்? காலை எட்டு மணிக்கும் மாலை ஏழரைக்கும். அதாவது நாங்கள் இல்லாத நேரத்தில்.

சூரிச் மாமி | ஜூன் 3, இரவு 9:15

அந்தத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. நாங்களும் அப்பிடித்தான் போறனாங்கள்.

நாங்கள் வழமையா இத்தாலி, ஏட்ரியாட்டிக் பக்கம் பிபியோனே. மணல், ஆழமில்லை, காவலர் சிவப்பு உடுப்போட, கிட்டவே சிவப்புத் துடுப்புப் படகும் நிக்கும். ஆனால் அங்க குடையும் கதிரையும் வாடகைக்கு எடுக்கிற வரிசைகள்தான் கூட. ஆறு பேருக்கு ஒரு கிழமை எண்டால் காசு பறக்கும். பாரிசில இருந்து தூரமும். பிரான்சில அந்தத் தொல்லை குறைவு, இயற்கைக் கடற்கரையில 80 சதவீதம் கட்டடம், கடை இல்லாமல் விடவேணும் எண்டு சட்டமே இருக்குது. துவாயை விரிச்சால் சரி.

வெயில் பற்றி: கோடையில இஞ்ச சூரியன் உச்சிக்கு வாறது பன்ரண்டு மணிக்கில்லை, கிட்டத்தட்ட பிற்பகல் ரெண்டு மணிக்கு. மணிக்கூட்டை முன்னால தள்ளி வைச்சிருக்கினம் எல்லோ. அதால பத்தரையில இருந்து பன்ரண்டு மட்டும் ஒருக்கா, பிறகு வீட்ட போய்ச் சாப்பிட்டு படுத்து எழும்பி நாலரையில இருந்து ஆறரை மட்டும் ஒருக்கா. காவலரும் இருப்பினம், வெயிலும் சமாளிக்கலாம். எங்களுக்குக் கறுத்தத் தோல், கிரீம் தேவையில்லை எண்டு ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ. என்ர மகளின்ர தோள் உரிஞ்சு ஒரு கிழமை அழுதவள்.

வடமராட்சியான் | ஜூன் 4, இரவு 10:02

சரியான உதவி, எல்லாருக்கும் நன்றி. மனிசிக்கு முழு இழையையும் வாசிச்சுக் காட்டினன். நீஸ் கதை முடிஞ்சுது, ஆனால் ஒரு நாளாவது அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டு நிபந்தனை (தூரத்தை இன்னும் சொல்லேல்லை).

மூண்டு கேள்வி. ஒண்டு, மூண்டில எந்த ஊர்? ரெண்டு, தங்கச்சியும் மனிசியும் நீச்சலுடுப்பு போடமாட்டினம், சுடிதாரோட இறங்கினால் ஆரும் ஏசுவினமோ? மூண்டு, ஸ்பெயின் பக்கம் மலிவு எண்டு ஒரு நண்பர் சொல்லுறார்.

மொன்பெலியே அக்கா | ஜூன் 4, இரவு 11:10

ஊர்: லா கிராந்து-மொத். அறுபதுகளில இருந்து ஜான் பலாதூர் எண்ட கட்டடக்கலைஞர் சதுப்பு நிலத்தில எழுப்பின ஊர். கட்டடம் எல்லாம் பிரமிட் மாதிரி. சிலருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். முக்கியம் என்னெண்டால், நடக்கிற பாதையும் மரநிழலும் கடற்கரை வரைக்கும் இருக்கு, அம்மாவுக்கு படி ஏற இறங்கத் தேவையில்லை. பலவாஸ் பழைய மீன்பிடி ஊர், சாப்பாட்டுக்கு நல்லம், ஆனால் ஜூலையில சனம் நெரியும்.

பாரிஸ் கார் து லியோனில இருந்து தேஜேவே எண்ட வேக ரயிலில மூண்டரை மணித்தியாலம் மட்டில. மொன்பெலியேயில ரெண்டு ஸ்டேசன் இருக்குது, டிக்கெட்டை வடிவா பாருங்கோ. சான்-ரொக் தான் நகரத்துக்க இருக்கிறது. மற்றது ஊருக்கு வெளியில, ஆறு பேரும் பெட்டியும் அம்மாவும் எண்டு அங்க இறங்கி முழிக்கவேண்டாம். சான்-ரொக்கில இருந்து டிராமில ஒடிசியம் பக்கம் போனால் கடற்கரை பஸ்.

ஸ்பெயினில ரோசஸ் எண்ட இடம் ஆழமில்லாத நல்ல குடா, பொய் சொல்லேல்லை. ஆனால் உங்களோட வாற ஆருக்கும் அகதி விண்ணப்பம் நிலுவையில இருந்தால் எல்லை தாண்டவேண்டாம், அந்தக் கடதாசியில பிரான்சை விட்டு வெளியில போகேலாது. விசாவில வந்த தங்கச்சிக்குப் பிரச்சினை இல்லை, பாஸ்போட்டைக் கையில வைச்சிருக்கட்டும்.

அலைபிடிச்சவன் | ஜூன் 5, மாலை 6:30

உடுப்பு: நீச்சல் குளத்தில்தான் இறுக்கமான நீச்சலுடுப்பு கட்டாயம். கடலுக்கு அப்படிப் பொது விதி இல்லை. 2016ல் சில நகரசபைகள் உடம்பை மூடும் உடுப்புக்குத் தடை போட்டன. வில்நெவ்-லூபே ஊரின் தடையை கோன்செய் தெத்தா (பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம்) இடைநிறுத்தியது. சட்டத்தை விடுங்கள், காவலராக எனக்குக் கவலை வேறு. பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் தண்ணீரைக் குடித்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். துப்பட்டாவைக் கரையில் விடச் சொல்லுங்கள். லெகிங்ஸும் கைநீள நைலோன் சட்டையும் போட்டால் மறைவும் இருக்கும், வெயிலும் சுடாது. பிள்ளைகளுக்கு நீல உடுப்பு வாங்கவே வேண்டாம். செம்மஞ்சள், கடும் ரோஸ் என்றால் தூரத்தில் இருந்தே எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, இதுதான் நான் சொல்ல வந்தது. இந்தக் கடலில் வற்று-பெருக்கு மிகக் குறைவு. அதனால் "குளம் மாதிரி" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பயப்படவேண்டியது வடக்குக் காற்று, மிஸ்திரால், திராமோந்தான். அது தரையில் இருந்து கடலை நோக்கி வீசும். அலையே இருக்காது, கரையோரம் கண்ணாடி மாதிரி தட்டையாக, மிக அழகாக இருக்கும். அந்த நாளில்தான் காற்றடித்த மெத்தையில் படுத்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் எங்கேயோ போய்விடும். அப்பா நீந்திப் பிடிக்கப் போவார், மெத்தை அவரைவிட வேகமாகப் போகும், பிறகு நாங்கள் ரெண்டு பேரைத் தேடவேண்டும். கம்பத்தில் செம்மஞ்சள் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிப்பை) தொங்கினால் அதற்குத்தான்: மெத்தை, வளையம், பிளாமிங்கோ மிதவை எதுவும் தண்ணீரில் வேண்டாம். மெத்தை போனால் போகட்டும், பிள்ளையை மட்டும் எடுங்கள்.

அந்தக் காற்று மேல் தண்ணீரை வெளியே தள்ளும், கீழே இருந்து குளிர் தண்ணீர் ஏறும். நேற்று 24 பாகை இருந்த கடல் இன்று 17 ஆகலாம். வெயில் கொளுத்தும், தண்ணீர் ஐஸ். பெரியவர்கள் தடால் என்று குதிக்கவேண்டாம்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது, கை ஆட்டாது. 5 வயதுக்காரனுக்கு நீங்கள் கை எட்டுகிற தூரத்தில் நிற்கவேண்டும், கரையில் இருந்து பார்ப்பது போதாது. பெரியவர் ஆறு பேர் இருந்தால் ஆறு பேரும் "மற்றவர் பார்க்கிறார்" என்று நினைப்பார்கள். பேர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள், அரை மணிக்கு ஒருமுறை மாறுங்கள்.

நிலையத்தில் கேட்டால் பல ஊர்களில் பிள்ளைகளுக்குக் கைப்பட்டி தருவோம், உங்கள் தொலைபேசி எண் எழுதிக் கட்டலாம். அம்மாவுக்காக தண்ணீருக்குள் உருளும் சக்கர நாற்காலியும் சில கடற்கரைகளில் உண்டு, அதன் பெயர் திராலோ. கரையில் இருந்து கடலில் யாரும் ஆபத்தில் இருப்பதைக் கண்டால் 196, மற்றபடி 112.

லாசப்பல் லோலன் | ஜூன் 5, மாலை 6:52

சொறிமுட்டை (ஜெல்லி மீன்) கடிச்சால் அதுக்கு மேல மூத்திரம் பெய்யவேணும் எண்டு என்ர மாமா அடிச்சுச் சொல்லுறார். செய்யலாமோ?

அலைபிடிச்சவன் | ஜூன் 5, இரவு 7:20

மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள். 😀 ஊதா நிறத்தில் சின்னதாக வரும் பெலாஜியாதான் இங்கே அதிகம் சுடும். கடல் தண்ணீரால் மட்டும் கழுவவேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சம் ஒட்டியிருக்கும் நச்சுச் செல்களும் வெடிக்கும். தேய்க்கக் கூடாது. பிறகு நிலையத்துக்கு வாருங்கள். மணலுக்குள் ஒளிந்திருக்கும் வீவ் மீன் காலில் குத்தினால் அதற்குச் சூடு உதவும், அதுக்கும் நிலையத்துக்கு வாருங்கள். ரப்பர் சப்பாத்து போட்டால் ரெண்டாவது பிரச்சினை பெரும்பாலும் வராது.

துலூஸ் தம்பி | ஜூன் 5, இரவு 8:00

ஒரு சின்ன சேர்க்கை: 2025 ஜூன் கடைசியில இருந்து பிரான்ஸ் கடற்கரைகள்ல சிகரெட் தடை. மாமா அதையும் கவனிக்கணும்.

வடமராட்சியான் | ஜூலை 21, இரவு 9:30

போயிட்டு வந்திட்டம். சொன்ன மாதிரி எழுதுறன்.

லா கிராந்து-மொத்தில வீடு எடுத்தம். முதல் நாள் பச்சைக்கொடி, சின்னவன் முழங்கால் தண்ணியில ரெண்டு மணித்தியாலம் நண்டு தேடினான். மூத்தவளுக்கு செம்மஞ்சள் உடுப்பு, கடையில அதுதான் மலிவாயும் கிடந்தது. மத்தியானம் வீட்ட போய்ச் சோறு, திரும்ப நாலரைக்கு. சூரிச் மாமியின்ர நேர அட்டவணை தங்கம்.

மூண்டாம் நாள் காலமை கடல் கண்ணாடி மாதிரி. இவ்வளவு நாளில இதுதான் நல்ல நாள் எண்டு நான் பிளாமிங்கோவை ஊதத் தொடங்கிட்டன். மனிசிதான் கம்பத்தைக் காட்டினா. செம்மஞ்சள் பை, நேர கடலைப் பாத்து நீட்டிக்கொண்டு நிண்டுது. இந்த இழையை வாசிக்காமல் போயிருந்தால் நான் பிள்ளையை அதில இருத்தியிருப்பன், சத்தியமா. நிலையத்துப் பலகையில தண்ணி 18 பாகை எண்டு எழுதியிருந்தினம், முதல் நாள் 24. காலை வைச்ச உடன மூத்தவள் கத்தின கத்து பாரிசுக்குக் கேட்டிருக்கும். அண்டைக்கு முழுக்க மணல் வீடுதான்.

ரோல்ஸ் கொண்டு போறவை கவனம், கடற்காகம் தங்கச்சியின்ர கையில இருந்து பறிச்சுக்கொண்டு போயிட்டுது.

அம்மா விஷயம். திராலோ இருக்கெண்டு காவலர் பெடியன் தானாய் வந்து சொன்னவன். அம்மா, "என்னை வண்டியில வைச்சு கடலுக்கத் தள்ளப் போறியளோ" எண்டு அவனைப் பாத்த பார்வையில அவன் பிறகு கேக்கேல்லை. குடைக்குக் கீழ கதிரையில இருந்தா. கடலுக்கு முதுகு காட்டி இருப்பா எண்டு நினைச்சனான், இல்லை. நாள் முழுக்க முகம் கடல் பக்கம்தான். எங்கட தலையளை எண்ணிக்கொண்டிருந்தவ. "ஒண்டு, ரெண்டு, மூண்டு, எங்கயடா சின்னவன்? ஆ, நாலு." நாலாம் நாள் பக்கத்துக் குடைப் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளையளையும் சேத்து எண்ணத் தொடங்கிட்டா, ஏழு வரைக்கும் போகும். ஒருக்கா ஆறில நிண்டுது. எழும்பி சத்தம் போட்டா. அந்தத் தாய் பயந்துபோய் ஓடினவ, பிள்ளை ஐஸ்கிரீம் கடையில நிண்டுது. பிறகு அந்தப் பெண் அம்மாவுக்கு ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்து தந்தவ.

நீஸுக்குப் போகேல்லை. மனிசி கேக்கவும் இல்லை.

கடல்பிரியை | ஜூலை 22, காலை 8:15

இழை முழுக்க வாசிச்சன், நல்லா இருந்தது. எங்களுக்கு ஐப்பசி துசேன் பள்ளிக்கூட லீவிலதான் வசதி. அப்பவும் லா கிராந்து-மொத் சரிவருமோ?

மொன்பெலியே அக்கா | ஜூலை 22, மதியம் 12:40

நடக்க, படம் எடுக்க, மீன் சாப்பிட வாங்கோ, வீடும் மலிவு. குளிக்க நம்பி வரவேண்டாம். அந்த நேரம் நிலையம் பூட்டியிருக்கும், கம்பத்தில கொடி இராது. அதோட எங்கட பக்கம் இலையுதிர் காலத்தில செவென் மலையில முட்டி ஒரே நாளில கொட்டுற மழை வரும். வர முதல் மெத்தியோ பிரான்ஸ் எண்ட வானிலை நிலையத்தில ஏரோவுக்கு என்ன நிற எச்சரிக்கை எண்டு பாருங்கோ. வந்தால் சொல்லுங்கோ, எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.